அறத்தின் காவலருக்கு ஊதியம் கொடுப்பவர் யார்?

வட்டி வாங்குவதைப் பாவமெனக் கூறிய சமயம் இஸ்லாம் ஒன்று மட்டுமன்று. யூதர் தம் இனத்தாரிடம் வட்டி வாங்கலாகாது என்று அவர்தம் வேதம் விதித்தது. 1179ஆம் ஆண்டிற் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், ஊரறிந்த வட்டிக்காரனுக்கு நற்கருணையும் கிறித்தவ அடக்கமும் மறுக்கப்படவேண்டும் எனத் தீர்மானித்தது. சமய விதிகளைச் சாராது சிந்தித்த அரிஸ்டோட்டிலும், பணம் பணத்தைப் பெற்றெடுப்பது இயற்கைக்கு மாறானது என்றே கருதினார். ஐரோப்பாவில் வணிக மூலதனம் தலையெடுத்தபோது இவ்விலக்குகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, ஈற்றில் அளவுக்கு மீறிய வட்டி மாத்திரமே குற்றம் என்ற நிலை ஏற்பட்டது. இஸ்லாமிய உலகிலோ விலக்கு ஏட்டில் அழியாது நின்றது. நடைமுறையில் அது மீறப்பட்டதும் சுற்றிவளைக்கப்பட்டதும் உண்மையே. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகம் முன்னர் கண்டிராத ஒன்று நிகழ்ந்தது: அந்த விலக்கையே அத்திவாரமாகக் கொண்டு வங்கிகள் எழுந்தன.

ஒரு தனிமனிதன் வட்டி வாங்காதிருப்பானாயின் அஃது அவனுக்கும் அவனுடைய மனச்சாட்சிக்கும் இடைப்பட்ட செய்தி. ஒரு வங்கி ‘நான் வட்டி வாங்குவதில்லை’ என விளம்பரம் செய்து மக்களிடம் பணம் திரட்டுமாயின் நிலைமை வேறு. அவ்வுறுதியைச் சோதிப்பவர் எவர்? சோதிப்பவரை நியமிப்பவர் எவர்? அவருக்கு ஊதியம் எங்கிருந்து வருகிறது? அவர் சோதிப்பது ஒப்பந்தத்தின் சொற்களையா, அன்றி அவ்வொப்பந்தத்தால் ஒரு குடும்பத்துக்கு நேர்வதையா? இவ்வினாக்கள் முஸ்லிம்களுக்கு மாத்திரம் உரியன என்று ஒதுக்கிவிடுதல் தவறு. அறநெறி ஒன்று நிறுவனமாக மாறும் இடமெங்கும் இவை எழுந்தே தீரும். இறையியல் விவாதத்தில் இறங்குவது நமது நோக்கமன்று. அதற்குரிய புலமையும் நமக்கில்லை. ஒழுக்கத்தைக் காப்பதற்கென ஏற்படுத்தப்பட்ட அமைப்பு எவ்வாறு இயங்குகிறது, எவ்விடத்தில் தடுமாறுகிறது என்பதையே இங்கு நோக்க விரும்புகிறோம்.

எகிப்தின் நைல் கழிமுகத்திலே மித் கம்ர் என்றொரு சிறு நகர் உண்டு. 1963இல் அங்கே அஹ்மத் அல்-நஜ்ஜார் என்னும் பொருளியலாளர் ஒரு சேமிப்பு வங்கியைத் தொடக்கினார். அவர் ஜேர்மனியிற் கல்வி கற்றவர். அந்நாட்டின் உள்ளூர்ச் சேமிப்பு வங்கிகளைக் கண்டு வியந்தவர். பணத்தை மண்ணிற் புதைத்தும் நகையாக்கியும் வைத்திருந்த குடியானவர், வட்டி நடமாடும் வங்கிப்படியை மிதிக்க அஞ்சினர். அவர்களின் சில்லறைச் சேமிப்பைத் திரட்டி, அவ்வூரிலேயே சிறு தொழில்களில் இட்டு, இலாபத்தைப் பகிர்வதே அவருடைய திட்டம். அவசரத் தேவைக்கு வட்டியில்லாக் கடனும் கொடுக்கப்பட்டது. நாஸர் ஆட்சிக் காலமாதலின் ‘இஸ்லாமிய’ என்ற அடைமொழி அதற்குச் சூட்டப்படவில்லை. அறிஞர் சபையொன்று அமர்ந்து முத்திரை குத்தும் வழக்கமும் அக்காலத்தில் இருக்கவில்லை. கடன் வாங்கியவன் எவன், அதனைக் கொண்டு அவன் செய்தது என்ன என்பவை ஊருக்கே தெரிந்திருந்தன. ஊரின் கண்களே மேற்பார்வையாக அமைந்தன. சில ஆண்டுகளுள் அம்முயற்சி அரச நிறுவனங்களுள் அமிழ்ந்து மறைந்தது. அதே 1963இல் மலாயாவிலும், ஹஜ் யாத்திரைக்காகச் சிறுகச் சிறுகச் சேமித்த ஏழை விவசாயிகளின் பொருட்டு ஒரு சேமிப்பு நிறுவனம் உருவாயிற்று. ‘தாபுங் ஹாஜி’ என்னும் பெயரில் அஃது இன்றும் நிலைத்திருக்கிறது.

1973இன் எண்ணெய் விலையேற்றம் காட்சியை முற்றாக மாற்றியது. 1975இல் ஜித்தாவில் இஸ்லாமிய அபிவிருத்தி வங்கியும், துபாயில் முதலாவது தனியார் இஸ்லாமிய வணிக வங்கியும் தோன்றின. 1977இல் சவூதி இளவரசர் ஒருவரின் முயற்சியால் எகிப்தில் பைஸல் இஸ்லாமிய வங்கி அமைந்தது. குடியானவனின் செப்புக்காசுக்காகத் தோன்றிய கருத்து, எண்ணெய் மிகைப்பணத்துக்கு இருப்பிடம் தேடும் கருவியாயிற்று. வங்கியின் வாடிக்கையாளர் ஒருவரையொருவர் அறியாதவராயினர். ஊரின் கண்கள் பார்த்திருந்த இடத்தில் அறிஞர் சபையொன்று அமர்த்தப்பட்டது. ஷரீஆ மேற்பார்வைச் சபை எனப்படுவது இதுவே.

இச்சபை எதனைப் பரிசீலிக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள ஓர் எளிய உதாரணம் போதும். ஒருவருக்கு வாகனம் வேண்டும், கையிற் பணமில்லை. வழமையான வங்கி பத்து இலட்சம் ரூபாவைக் கடனாகக் கொடுத்து வட்டி வாங்கும். இஸ்லாமிய வங்கி அவ்வாகனத்தைத் தானே பத்து இலட்சத்துக்கு வாங்கி, பதின்மூன்று இலட்சத்துக்கு அவருக்கு விற்று, விலையைத் தவணையாகப் பெறும். முராபஹா என்பது இதுதான். வணிகத்தை ஆகுமாக்கி வட்டியை விலக்கியது மார்க்கம். ஆகவே இது வட்டியன்று, வணிக இலாபம் என்பர்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற பழமொழி இவ்விடத்தில் நினைவுக்கு வருவது இயல்பே. எனினும் அவசரப்பட்டு நகைத்துவிடலாகாது. வேறுபாடு ஒன்று உண்மையாகவே உளது. வாகனம் வங்கியின் உடைமையாக இருக்கும் வேளையில் அது தீப்பற்றி எரிந்தால் நட்டம் வங்கிக்கே. விலை ஒருமுறை தீர்மானிக்கப்பட்டபின் கூடாது. தவணை தவறியவனின் கடன் குட்டிபோட்டுப் பெருகுவதில்லை. தாமதத்துக்கெனத் தண்டம் வாங்கினாலும் அதனை வங்கி தன் வருமானத்திற் சேர்க்காது தர்மத்துக்கு வழங்கவேண்டும் என்பது பொதுவான விதி. மீற்றர் வட்டியிலும் கந்துவட்டியிலும் அகப்பட்டு அழிந்த குடும்பங்களைக் கண்ட எவரும் இதனை அற்பமென ஒதுக்கமாட்டார். ஆகவே கேள்வி இதுதான்: வங்கி ஏற்பதாகச் சொல்லும் அந்த ஆபத்து மெய்யானதா? வாடிக்கையாளரையே தன் முகவராக நியமித்து, அவரே வாங்கி, அவரே தமக்கு விற்றுக்கொள்ளும்படி பத்திரங்களை அடுக்கிவைத்தால், வங்கியின் உடைமை சில நிமிட நேரமே உயிர்வாழும். ஆபத்து இல்லாதவிடத்து வணிகம் என்ற சொல்லுக்கு எஞ்சும் பொருள் யாது?

இன்னும் ஒரு படி மேற்சென்றது ‘தவர்ருக்’ என்னும் முறை. பணம் வேண்டியவருக்கு வங்கி ஒரு பொருளைத் தவணை விலைக்கு விற்கும். அவர் அதனைக் குறைந்த விலைக்கு உடனே மூன்றாமவருக்கு விற்றுக் காசாக்கிக்கொள்வார். நடப்பதெல்லாம் கடன், நடுவிலே பொருளொன்று வந்து போகிறது. லண்டன் உலோகச் சந்தையின் உலோகங்கள் நெடுங்காலம் இவ்வாறு பயன்பட்டன. 2009இல் மலேசியாவில் இதற்கெனவே ஒரு மின்னியற் சந்தை அமைக்கப்பட்டது. அங்கே முதலிற் கைமாறிய பொருள் பாம் எண்ணெய். அவ்வாண்டு ஏப்ரிலில், இஸ்லாமிய மாநாட்டு அமைப்பைச் சேர்ந்த பிக்ஹுக் கழகம், இவ்வாறு ஒழுங்குசெய்யப்பட்ட தவர்ருக் ஆகாது எனத் தீர்மானித்திருந்தது. மலேசியச் சபையோ ஆகும் என்றது. ஒரே வேதத்தின் பெயரால் இரு தீர்ப்புகள் வந்ததைக் குறைகூற வேண்டுவதில்லை; சட்ட மரபுகளில் அது புதிதன்று. நம் கவனத்துக்குரியது வேறொன்று. அந்தப் பாம் எண்ணெயைப் பிழிவதற்குக் கனிக்குலை வெட்டிய தோட்டத் தொழிலாளி, இன்று பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து வந்தவன், இச்சங்கிலியில் எங்குமே தோன்றுவதில்லை. பொருளின் உரிமை முறைப்படி கைமாறியதா என்று நுணுகி ஆராயும் சபை, அப்பொருள் எவருடைய வியர்வையில் விளைந்தது எனக் கேட்கும் கடப்பாடு உடையதன்று. வேதத்தில் அநீதி பற்றிய கண்டனம் வட்டியைச் சுற்றி நிற்கிறதேயன்றி வட்டியோடு முடிவதில்லை என்பதை மார்க்க அறிஞர் பலரே எடுத்துக்காட்டியுள்ளனர்.

சபையின் அமைப்பை இனி நோக்குவோம். பஹ்ரைனைத் தளமாகக் கொண்டு 1991 முதல் இயங்கும் இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கியல், கணக்காய்வு அமைப்பு (அயோபி எனச் சுருக்கமாக வழங்குவது) வகுத்த நியமத்தின்படி, ஒவ்வொரு வங்கியின் ஷரீஆ சபையிலும் குறைந்தது மூவர் இருத்தல் வேண்டும். பணிப்பாளர் சபையின் சிபாரிசின்மேல் பங்குதாரர் பொதுக்கூட்டம் அவர்களை நியமிக்கும். புதிய ஒப்பந்தங்களை அவர்கள் முன்கூட்டியே ஆராய்ந்து பத்வா வழங்குவர். ஆண்டிறுதியில் வங்கியின் செயல்கள் ஷரீஆவுக்கு இணங்க நடைபெற்றன என அறிக்கை இடுவர். விலக்கப்பட்ட வருமானம் ஏதும் கலந்திருந்தால் அதனைப் பிரித்துத் தர்மத்துக்குக் கொடுக்கும்படி பணிப்பர். தாளில் எழுதியபோது குறையேதும் தெரியாத ஏற்பாடு.

ஆனால் அவர்களுக்கு ஊதியம் வழங்குவது அவர்கள் தீர்ப்புக்கு உட்படும் அதே வங்கி. கணக்காய்வாளருக்கும் நிறுவனமே ஊதியம் கொடுக்கிறது அன்றோ எனச் சிலர் கேட்பர். கொடுக்கிறது, அதனால் விளைந்த கேடுகளும் உலகறிந்தவை. அமெரிக்காவில் என்ரோன் நிறுவனம் 2001இற் சரிந்தபோது அதன் கணக்குகளுக்கு நற்சான்று வழங்கிய பெருங் கணக்காய்வு நிறுவனமும் அதனோடு அழிந்தது. எனினும் கணக்காய்வாளருக்குப் பின்னால் தொழிற் சங்கமும் உரிமப் பத்திரமும் நீதிமன்றப் பொறுப்பும் நிற்கின்றன. தவறான பத்வா கொடுத்த அறிஞரை எவரும் நட்டஈடு கேட்டு வழக்குக்கு இழுப்பதில்லை. மேலும், அறபு மொழியிலும் பிக்ஹு நூல்களிலும் ஆழ்ந்த பயிற்சி, ஆங்கில ஒப்பந்த மொழியை வாசிக்கும் ஆற்றல், நவீன நிதியியல் அறிவு ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்தவர் உலகிற் சிலரே. ஆதலால் அதே சில பெயர்கள் எண்ணற்ற சபைகளில் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன. நியமங்களை வகுக்கும் சபையிலும் அவர்களே. அந்நியமங்களின்படி தீர்ப்புக் கூறும் சபையிலும் அவர்களே. இவர்களுட் பெரும்பாலோர் நேர்மையாளர் என்றே நாம் கருதுகிறோம். குறை ஆள்களைச் சார்ந்ததன்று, அமைப்பைச் சார்ந்தது. கடினமான தீர்ப்பு வழங்குபவரை அடுத்த ஆண்டு அழைக்காது விடுவதற்கு வங்கி எந்தத் தீமையும் செய்யவேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும். இணங்கிப் போகும் தீர்ப்பைத் தேடி வாசல் வாசலாகச் செல்லும் வழக்கத்தை அத்துறையினரே ‘பத்வாக் கொள்வனவு’ என ஏளனமாகக் குறிப்பிடுவர்.

நேர்மையான அறிஞர் வாய்திறந்தபோது நிகழ்ந்தது என்ன என்பதற்கும் சான்று உண்டு. சுக்கூக் என்பன இஸ்லாமியப் பிணைமுறிகள். ஒரு சொத்தின் பங்குரிமை எனப் பெயர். அச்சொத்தின் இலாபநட்டத்தைப் பத்திரம் வைத்திருப்பவர் ஏற்கவேண்டும் என்பது கோட்பாடு. நடைமுறையிலோ, தவணை முடிவில் முகப்பு விலைக்கே திரும்ப வாங்கிக்கொள்வதாக வெளியிட்டவர் முன்கூட்டியே வாக்களித்துவிடுவார். முதலுக்கு உத்தரவாதம், ஆண்டுதோறும் நிச்சய வருமானம். வட்டிப் பத்திரத்துக்கும் இதற்கும் வேறுபாடு காண்பது அரிது. 2007 இறுதியில், அயோபியின் ஷரீஆ சபைத் தலைவராயிருந்த பாகிஸ்தானிய அறிஞர் முஹம்மத் தகி உஸ்மானி, வெளியிடப்பட்ட சுக்கூக்குகளில் நூற்றுக்கு 85 வரை விதிகளுக்கு இணங்கியவையல்ல எனக் கருத்துரைத்ததாகச் செய்தி நிறுவனங்கள் அறிவித்தன. 2008 பெப்ரவரியில் அச்சபை அத்தகைய வாக்குறுதிகளைக் கட்டுப்படுத்தும் தீர்மானத்தை வெளியிட்டது. சந்தை அதிர்ந்தது. ஆனால் அப்பத்திரங்கள் ஒவ்வொன்றும் வெளியானபோது அறிஞர் சபையொன்றின் ஒப்புதலைப் பெற்றே வந்தன என்பதை மறந்துவிடக்கூடாது. நூற்றுக்கு எண்பத்தைந்து தவறென்றால், அவற்றுக்குக் கையொப்பமிட்ட பேனாக்கள் எவருடையவை?

காவல் இவ்வாறு தளர்ந்திருக்குமிடத்து அதனைக் கடன்பட்ட பெரும் முதலாளிகளும் பயன்படுத்திக்கொள்வர். வங்காளதேசத்தின் பெக்சிம்கோ மருந்து நிறுவனம் பஹ்ரைன் வங்கியொன்றிடம் முராபஹா முறையிற் பெற்ற பணத்தைச் செலுத்தத் தவறியது. இங்கிலாந்து நீதிமன்றத்தில் அது எழுப்பிய வாதம் என்னவெனில், அவ்வொப்பந்தங்கள் உண்மையில் வட்டிக் கடன்களே, ஆகவே ஷரீஆவின்படி செல்லாதவை என்பதாகும். 2004இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஒப்பந்தத்தை ஆள்வது இங்கிலாந்துச் சட்டமே என்றது. 2009இல் குவைத்தின் முதலீட்டு நிறுவனமொன்று, தன் சொந்த ஷரீஆ சபை அங்கீகரித்த ஒப்பந்தத்தையே ஷரீஆவுக்கு முரணானது எனக் கூறிப் பணம் செலுத்த மறுத்தது. வாதம் விசாரணைக்கு உரியதென நீதிபதி கொண்டார். 2017 ஜூனில் ஷார்ஜாவின் டானா காஸ் நிறுவனம், தான் வெளியிட்டிருந்த 70 கோடி டொலர் சுக்கூக் மார்க்கத்துக்கு ஒவ்வாததாகிவிட்டது என அறிவித்தது. தவணை தீர்வதற்குச் சில மாதங்களே எஞ்சியிருந்தன. அந்த நவம்பரில் லண்டன் மேல் நீதிமன்றம், திரும்ப வாங்குவதாகக் கொடுத்த வாக்குறுதி செல்லும் எனத் தீர்த்தது. அடுத்த ஆண்டு இருசாராரும் உடன்பாட்டுக்கு வந்தனர். பணம் வாங்கும்போது ஹலாலாக இருந்தது திருப்பிக் கொடுக்கும்போது ஹராமாகிவிடும் விந்தையை என்னவென்பது! பக்தி இங்கே வழக்கறிஞரின் கருவியாகிவிட்டது. ஆயினும் அந்நிறுவனத்தை மட்டும் கண்டிப்பது எளிது. அவ்வாதத்தை எழுப்ப இடமளித்தது எது? பத்திரத்தின் பெயருக்கும் உள்ளீட்டுக்கும் இடையில் இருந்த அந்தப் பிளவே.

வீட்டுக்காக வங்கியை நாடிய சிறிய மனிதனின் நிலை வேறு. மலேசிய மேல் நீதிமன்றம் 2005 இறுதியில் தீர்த்த வழக்கொன்றின் எண்களைக் கூர்ந்து நோக்குவோம். வங்கி வழங்கிய தொகை 394,172 ரிங்கிட். இருபத்தைந்து ஆண்டுத் தவணையில் வாடிக்கையாளர் செலுத்த ஒப்பிய விற்பனை விலை 992,363 ரிங்கிட். அவர் 33,454 ரிங்கிட் செலுத்தியபின் தவறினார். வங்கி எஞ்சிய 958,909 ரிங்கிட் முழுவதையும் கோரியது. விலை விலைதான், வாங்கியவர் முழு விலைக்கும் கடன்பட்டவர் என்பது அதன் நியாயம். வட்டிக் கடனாக இருந்திருப்பின், நிலுவை முதலையும் அன்றுவரையான வட்டியையும் மாத்திரமே கேட்டிருக்கமுடியும். வராத ஆண்டுகளுக்கு எவரும் வட்டி கேட்பதில்லை. வட்டியை ஒழிக்கவென வந்த ஒப்பந்தம், வட்டிக் கடனைவிடக் கொடியதாய் அவர் கழுத்தைச் சுற்றியது. நீதிபதி வங்கிக்கு 582,626 ரிங்கிட்டையே அனுமதித்தார். அதே நீதிபதி 2008இல் வேறு வழக்குகளில் இன்னும் ஆழமான வினாவை எழுப்பி, இத்தகைய விற்பனைகள் மெய்யான விற்பனையா என ஐயுற்றபோது, மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் அம்முடிவை மாற்றியது. பின்னர் மத்திய வங்கி, முன்கூட்டித் தீர்க்கப்படும் கடன்களுக்குக் கழிவு வழங்குவதை ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும் என விதித்தது. அந்த விதி வருவதற்கு வாடிக்கையாளர் நீதிமன்றம் ஏறவேண்டியிருந்தது. ஒப்பந்தத்தை அங்கீகரித்த சபையிலிருந்து அது தானாகப் பிறக்கவில்லை.

மலேசியா இத்துறையில் மற்றைய நாடுகளைவிட ஒழுங்கான ஏற்பாட்டைக் கொண்டது என்பதை மறுப்பதற்கில்லை. 1997இல் மத்திய வங்கியின் கீழ்த் தேசிய ஷரீஆ ஆலோசனைச் சபை நிறுவப்பட்டது. ஒரே துறையைச் சேர்ந்த இரு நிறுவனங்களில் ஓர் அறிஞர் ஒருங்கே அமர்வது தடுக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய சபையின் தீர்ப்பை நீதிமன்றங்களும் ஏற்றே ஆகவேண்டும் என்றது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஷரீஆ மீறலுக்குச் சிறைத்தண்டனையும் விதித்தது. வங்கியின் ஊதியத்திலிருந்து தீர்ப்பைப் பிரித்தெடுத்து அரசின் கையில் வைத்தல் முன்னேற்றம் போலவே தோன்றும். ஆனால் நீதிபதி தன் முன்னுள்ள வழக்கின் நடுநாயகமான வினாவைத் தானே தீர்க்கமுடியாது போனால் அவர் எத்தகைய நீதிபதி? இவ்வினா 2019 ஏப்ரிலில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் முன் வந்தது. சட்டம் செல்லும் என ஐவர் கூறினர், நால்வர் மறுத்தனர். ஒரேயொரு வாக்கில் தொங்கிய தீர்ப்பு அது. மேலும், அரசு இங்கே கரையில் நிற்கும் பார்வையாளனன்று. சுக்கூக் வெளியிட்டுக் கடன் வாங்குவோருள் அதுவும் ஒன்று.

அரசு இறங்கினால் என்ன நிகழும் என்பதற்குப் பாகிஸ்தான் நீண்ட பாடம். 1985 ஜூலை முதல் வங்கிகளெல்லாம் வட்டியின்றி நடைபெறும் என ஸியா ஆட்சி பிரகடனம் செய்தது. வட்டி போய் ‘மார்க்-அப்’ என்னும் விலைச்சேர்ப்பு வந்தது. பேரேட்டின் தலைப்பு மாறியதேயன்றிப் பெரிதாக வேறொன்றும் மாறவில்லை. 1991இல் கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றம், நடைமுறையிலிருந்த அவ்வேற்பாடும் வட்டியே எனத் தீர்த்தது. 1999இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தின் ஷரீஅத் அமர்வு அதனை உறுதிசெய்தது. 2002இல் அதே நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி வழக்கை மீண்டும் கீழே அனுப்பியது. இருபது ஆண்டுகள் உருண்டபின், 2022 ஏப்ரிலில் ஷரீஅத் நீதிமன்றம் 2027 இறுதிக்குள் வட்டியை ஒழிக்குமாறு ஆணையிட்டது. 2024 ஒக்டோபரில் அரசியலமைப்பின் இருபத்தாறாம் திருத்தம் 2028 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர், இயன்றவரை, என எழுதியது. ‘இயன்றவரை’ என்னும் அச்சொல்லிலே ஆட்சியாளரின் அனுபவமெல்லாம் அடங்கியிருக்கிறது. பன்னாட்டுக் கடனின் வட்டியைக் கட்டுவதற்கே மேலும் கடன்படும் நாடு, உள்ளூர்ப் பேரேட்டிற் சொல்லை மாற்றுவது எவ்வளவு எளிது, கடனுக்கு அடிமையான நிலையை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதை அறியாமலிருக்க நியாயமில்லை.

சட்டத்தின் எழுத்தைக் காத்து அதன் கருத்தைத் தவிர்க்கும் உபாயங்கள் இன்று நேற்றுத் தோன்றியவையல்ல. ஹியல் எனப்பட்ட அவ்வுபாயங்களுக்கெனவே ஒன்பதாம் நூற்றாண்டில் நூல் எழுதப்பட்டது. பதினான்காம் நூற்றாண்டில் இப்னு தைமிய்யா அவற்றை வன்மையாகக் கண்டித்தார். பிரெஞ்சு மார்க்சிய அறிஞர் மக்சிம் ரொடின்சன் 1966இல் வெளியிட்ட ‘இஸ்லாமும் முதலாளித்துவமும்’ என்னும் நூலில், வட்டி விலக்கு முஸ்லிம் நாடுகளில் மூலதனத்தின் வளர்ச்சியை உண்மையில் தடுக்கவில்லை என நிறுவ முயன்றபோது இவ்வுபாயங்களின் வரலாற்றையே பெரிதும் துணைக்கொண்டார். அவருடைய முடிவை முழுவதும் ஏற்காதவர்க்கும் அதிற் கற்க நிரம்ப உண்டு.

ஆனால் எல்லா விட்டுக்கொடுப்பும் ஒரே தரத்தன அல்ல. பதினாறாம் நூற்றாண்டின் உதுமானியப் பேரரசிலே பண வக்புகள் பெருகியிருந்தன. ஒருவர் நிலத்துக்குப் பதிலாகப் பணத்தைத் தர்மத்துக்கு ஒதுக்குவார். அதனைக் கடனாகக் கொடுத்து வரும் வருமானத்திற் பள்ளிவாசலும் பாடசாலையும் ஏழைகளுக்கான அன்னசாலையும் நடைபெறும். இது வட்டியன்றி வேறென்ன எனக் கேட்டு, பிர்கவி என்னும் அறிஞர் கடுமையாக எதிர்த்தார். பேரரசின் தலைமை முப்தியாயிருந்த அபூசுஊதோ, மக்களிடையே நிலைபெற்ற வழக்கையும் பொதுநலனையும் காட்டி அனுமதித்தார். இவற்றை ஒழித்தால் அறநிலையங்களே இடிந்துவிழும் என்பது அவர் வாதம். இருவருள் எவர் சரி என்பதை இங்கு தீர்க்கவேண்டியதில்லை. அவ்விவாதம் வெளிப்படையாக, காரணங்களோடு, நூல்களாகவும் மறுப்பு நூல்களாகவும் நடைபெற்றது. வருமானம் எவருக்குச் சென்றது என்பது விவாதத்தின் நடுவில் இருந்தது. இன்றைய பத்வாவில் பெரும்பாலும் ஒப்புதல் மட்டுமே வெளிவரும். காரணமும் மாற்றுக் கருத்தும் வங்கியின் அலமாரியிலேயே தங்கிவிடும்.

காரணத்தை வெளியிடுதல், ஊதியத்தை ஒரு பொதுநிதியின் வழியாக வழங்குதல் போன்ற சீர்திருத்தங்கள் பல அரங்குகளிற் பேசப்படுகின்றன. பயனுள்ளவையே, அவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. குறைவாகப் பேசப்படும் ஒன்றை மட்டும் வற்புறுத்த விரும்புகிறோம். இஸ்லாமிய வங்கியின் முதலீட்டு வைப்பாளர் முளாரபா ஒப்பந்தத்தின் கீழ்ப் பணம் வைக்கிறார். அவருக்கு நிச்சய வட்டி கிடையாது, இலாபத்திற் பங்கு, நட்டம் நேர்ந்தால் அதனையும் அவரே ஏற்கவேண்டும். ஆபத்தைப் பொறுத்தவரை அவர் பங்குதாரருக்கு ஒப்பானவர். ஆனால் பங்குதாரருக்கு வாக்குண்டு, இவருக்கில்லை. பணிப்பாளரை நியமிப்பதிலும், தம் பணத்தின் தூய்மைக்குச் சான்றளிக்கும் ஷரீஆ சபையை நியமிப்பதிலும் இவருக்குக் குரல் இல்லை. கோலாலம்பூரிலுள்ள இஸ்லாமிய நிதிச் சேவைகள் சபை 2006இல் வெளியிட்ட ஆளுகைக் கோட்பாடுகள் இக்குறையை ஒப்புக்கொண்டன. எனினும் வைப்பாளரின் நலனைப் பேண ஒரு குழு அமையவேண்டும் என்ற அளவிலேயே அவை நின்றுவிட்டன. 2001 பெப்ரவரியில் துருக்கியின் இஹ்லாஸ் பினான்ஸ் மூடப்பட்டபோது, வைப்புக் காப்புறுதியின் பாதுகாப்பு இல்லாத சேமிப்பாளரே தெருவில் நின்றனர். ஆபத்தைப் பகிர்தல் என்பது அறமாயின், அதிகாரத்தைப் பகிராத ஆபத்துப் பகிர்வு எந்த அறம்? வட்டியின் அநீதி எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஒருவன் ஆபத்தின்றி ஆதாயம் பெற மற்றவன் ஆபத்து முழுவதையும் சுமப்பதில் இருக்கிறது என்பதே மார்க்க அறிஞர் கொடுக்கும் விளக்கம். அதே அளவுகோலை வங்கிக்கும் அதன் வைப்பாளருக்கும் இடையில் பிடித்துப் பார்க்க எந்தச் சபை துணியும்?

நமது நாட்டில் 1988ஆம் ஆண்டின் வங்கித்தொழிற் சட்டம் 2005இல் திருத்தப்பட்டபோது இத்தகைய வங்கித் தொழிலுக்கு வழி திறந்தது. 2011 முதல் முழு அளவிலான இஸ்லாமிய வணிக வங்கியொன்றும் இயங்குகிறது. வேறு வங்கிகள் தனிப் பிரிவுகளை நடத்துகின்றன. முஸ்லிம் அல்லாதோரும் அவற்றின் வாடிக்கையாளராகலாம். போருக்குப்பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்களின் வாரத்தவணைக்கு அஞ்சி வீட்டைவிட்டு ஒளிந்த பெண்களின் கதையை அறிந்தவர்க்கு, வட்டியில்லாக் கடன் என்ற சொல் எந்த மதத்தின் வாயிலிருந்து வந்தாலும் செவியில் இனிக்கவே செய்யும். 2005ஆம் ஆண்டின் திருத்தம் மத்திய வங்கியிலே ஷரீஆ சபை எதனையும் நிறுவவில்லை. தத்தம் அறிஞரைத் தேர்வது நிறுவனங்களின் பொறுப்பாகவே விடப்பட்டது. ஆகவே வைப்பாளராகவோ கடனாளியாகவோ அவ்வங்கிகளின் வாசலை மிதிக்கும் ஆசிரியர், ஒப்பந்தத்திற் கையொப்பமிடுமுன் மூன்றைக் கேட்கலாம்: தீர்ப்பின் முழு வாசகம், அதில் உடன்படாதவர் எவரேனும் இருந்தாரா என்ற தகவல், தவணை தவறினால் கழிவு உண்டா என்ற எழுத்து. முதலிரண்டையும் கேட்டவரை முகாமையாளர் வியப்போடு நோக்கக்கூடும். மூன்றாவதற்கு அவரிடம் ஒரு படிவம் இருக்கவேண்டும்.